துரையின் பின்னங்கால்

ஜனவரி 11

காலையில் ஒரு காளை, மத்தியானம் இரண்டு பசு. மூன்றும் உதைத்தன. குளிப்பாட்டி, ஊதும் மிஷினால் முடியை நிமிர்த்தி, கத்தரித்து, பசை அடித்து நிறுத்துவதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது. கண்காட்சி மாட்டை அலங்கரிப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் வந்து வாலைப் பிடித்துப் பார்க்கட்டும். தெருவில் எனக்கு 'மாட்டு பியூட்டி பார்லர்' என்று பெயர். கண்காட்சிக்கு முந்தின வாரம் மட்டும் அதே வாய்கள் 'அக்கா, அக்கா' என்று குழையும்.

சாயங்காலம் தம்பி வந்தான், எடைமேடைச் சீருடையைக்கூட மாற்றாமல். லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கும் வேலை. வெறுத்துப்போயிருக்கிறான். அவனுடைய இரண்டு கிடேரிகளும், செவலையும் கருங்காதும், பருவத்துக்கு வந்துவிட்டன. இரண்டுக்கும் தலை ஈற்று. எந்தக் காளை என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

"நீ கை காட்டற காளைதான் அக்கா. எனக்கு என்ன தெரியும், நீ சொன்னா சரி."

பிறக்கப் போகும் கன்றுகள் கண்காட்சியில் பேர் வாங்கினால் வேலையை விட்டுவிட்டு மாடுகளோடு இருந்துவிடலாம் என்று அவனுக்கும் அவன் மனைவிக்கும் பேச்சு. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சும்மா தலையாட்டுகிறவள் இல்லை. பேர் வாங்காவிட்டால் அவன் எடைமேடையிலேயே தலை நரைக்க வேண்டியதுதான். இவ்வளவையும் என் கையில் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஜனவரி 15

தீவனக்கடைக்காரரின் காளையைப் பார்த்தோம். குனிந்த தலை, ஆபீசுக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஒரு நடை. பார்த்தவுடன் 'குமாஸ்தா' என்று பெயர் வைத்துவிட்டேன். தம்பி சிரித்தான், ஆனால் அதைச் சிமெண்ட் தரையில் நடக்கவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தான். நடை நன்றாக இருக்கிறது என்றான். நடந்து போய்த் தபாலா கொடுக்கப் போகிறது என்று கேட்டேன்.

குறை சொல்ல எதுவும் இல்லாத காளை. சொல்லிக்கொள்ளவும் எதுவும் இல்லை. முதுகு சுமார், முகம் அதைவிடச் சுமார். நடுவர் முன்னால் போய் நின்றால் கண் அதைத் தாண்டி அடுத்த மாட்டுக்குப் போய்விடும்.

தீவனக்கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "என் காளைக்கு முகம் இல்லைங்க. எனக்கும்தான் இல்ல" என்றார்.

ஜனவரி 20

துரையைப் பார்த்துவிட்டு வந்தோம். மில்காரரின் காளை. போன முறைக்கு முந்தின கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அன்றைக்கு அதை அலங்கரித்தது நான்தான். போட்டோ என் கொட்டகையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அந்தப் பின்னங்காலில் மட்டும் ஒரு பகல் முழுக்க வேலை செய்தேன். நடுவர் பின்பக்கம் வந்து நின்று, மெதுவாகத் தலையாட்டினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அந்தத் தலையாட்டல்தான்.

மில்காரர் வாசல் வரை வந்து கூட்டிப் போனார். துரை வைக்கோலில் முட்டி வரை புதைந்து நின்றது. குளிர்கால முடி புசுபுசுவென்று. அந்தக் கழுத்தும் அந்தப் பார்வையும் – யாரடா நீ என்று கேட்கிற பார்வை. கிடேரிகளுக்கு இப்படி ஒரு தகப்பன் வேண்டாமா?

கொஞ்சம் வெளியே நடக்கவிட்டுப் பார்க்கலாமா என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். தரை ஈரமாக இருக்கிறது, வழுக்கும் என்றார் மில்காரர். எனக்கு மானம் போனது. பரிசு வாங்கிய காளையை, அதுவும் நான் பக்கத்தில் நிற்கும்போது, சந்தைக் கிழமாட்டைப் போல நடக்க வைத்துப் பார்ப்பதா?

"இது நான் கை வச்ச காளைடா. இதோட உடம்பு எனக்குத் தெரியாதா?"



ஜனவரி 21

துரைதான். சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றான்.

பிப்ரவரி 4

இரண்டுக்கும் துரையின் சினை ஊசி போட்டாயிற்று. கருங்காது டாக்டரின் காலை மிதித்துவிட்டது. தம்பி மனைவி கட்டுப் போட்டு அனுப்பினாள். நல்ல சகுனம் என்றேன். யாருக்கு என்று கேட்டார் டாக்டர்.

ஏப்ரல் 9

இரண்டும் சினை பிடித்துவிட்டன. தம்பி வேலையிலிருந்தே போன் செய்தான். பின்னால் லாரிக்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள், இவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறான். கன்றுகளுக்குத் தனித் தடுப்பு எங்கே கட்டுவது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இழுப்பது... அவன் இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

நவம்பர் 12

செவலை முந்தாநாள் ஈன்றது, கருங்காது இன்று பகலில். இரண்டும் கிடேரிக் கன்று! சுகப் பிரசவம். துரையின் கழுத்து அப்படியே இரண்டுக்கும் வந்திருக்கிறது. தம்பி மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கட்டிக்கொள்கிற ரகமே இல்லை. எனக்குக் கண் கலங்கி, சாணி அள்ளுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தம்பி பக்கத்தில் வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

டிசம்பர் 2

செவலைக் கன்றின் பின்னங்கால் கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறது என்றான் தம்பி. பிறந்த கன்றுக்குக் கால் அப்படி இப்படித்தான் இருக்கும், வளர வளரச் சரியாகிவிடும் என்றேன். அது உண்மைதான். நிறையக் கன்றுகளுக்கு அப்படித்தான் ஆகும்.

ஜனவரி 3

புது டைரி. அட்டை நன்றாக இருக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17

இதை எழுதிவிட வேண்டும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, யாரும் இல்லை.

இன்று தம்பி வீட்டுக் கொட்டகையைக் கழுவுவதற்காகக் கன்றுகளை வெளியே சிமெண்ட் தரைக்கு ஓட்டினோம். மழை வேறு. இரண்டும் தொப்பலாக நனைந்து, முடி உடம்போடு ஒட்டிக்கொண்டது. நான் பின்னால் நடந்தேன். பின்னங்காலின் மூட்டில் மடிப்பே இல்லை. கம்பு நட்ட மாதிரி நேராக. ஒவ்வொரு அடியும் தரையில் இடித்து இடித்து விழுகிறது. மாட்டுக்கு அந்த மூட்டில் ஒரு வளைவு இருக்க வேண்டும், அதுதான் உடம்பின் பாரத்தை வாங்கிக்கொள்ளும். இதுகளுக்கு அது இல்லவே இல்லை.

எங்கேயோ பார்த்த கால். எங்கே, எங்கே என்று யோசித்துக்கொண்டே வாளியைத் தூக்கினேன். அப்போது ஞாபகம் வந்தது.

துரை முதன்முதலில் என் கொட்டகைக்கு வந்த நாள். குளிப்பாட்டி முடித்து, சொட்டச் சொட்ட நிறுத்தியிருந்தேன். இதே கால். மில்காரர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு, பின்பக்கம் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றார். பார்த்துச் செய்தேன். மூட்டுக்குப் பின்னால் முடியை நிமிர்த்திப் பசை அடித்து, முன்னால் ஒட்ட வெட்டி, இல்லாத வளைவை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வரவழைத்தேன். நடுவர் தலையாட்டியது அந்த முடிக்கு.

எல்லா மாட்டிலும் ஏதாவது ஒரு குறை இருக்கும். கண்டுபிடிப்பது என் வேலையில் பாதி, மறைப்பது மீதிப் பாதி. மறைத்து முடித்ததும் மறந்துவிடுவேன். மறக்காவிட்டால் அடுத்த மாட்டுக்குக் கை வராது. அதனால் எனக்கு ஞாபகம் இருந்த துரை, போட்டோவில் இருக்கிற துரைதான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறேன். அது காளையே இல்லை. என் கைவேலை.

உலகத்துல எவன் வேணா ஏமாறலாம். நான் எப்படி ஏமாந்தேன்? நானே ஒட்டவச்ச முடிய நானே பாத்து நம்பி... அவன் கேட்டானே, நடக்கவிட்டுப் பாக்கலாமான்னு. வாயை அடைச்சேனே.

இன்று அவனிடம் சொல்லியிருக்கலாம். வாளியைக் கழுவி வைத்துவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 18

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 22

அடுத்த சினைக்குச் செவலையும் கருங்காதும் தயாராகிவிட்டன. தம்பி மறுபடியும் துரையின் ஊசிக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டான். கன்றுகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய், அவசரம் இல்லை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். வழக்கமாக எல்லாவற்றுக்கும் அவசரப்படுத்துகிறவள் நான்தான்.

ஜூன் 28

கருங்காதின் கன்றுக்கு இரண்டு மூட்டும் வீங்கிவிட்டன. படுத்தால் எழுந்திருக்கப் பெரும்பாடு படுகிறது. டாக்டர் வந்து பார்த்தார். அடியும் இல்லை, நோயும் இல்லை, பிறவி அமைப்பே அப்படி. எடை கூடக் கூட வலி கூடும் என்றார். சினைக்கு வைக்க முடியாது, வைத்தால் சுமக்காது, வீணாக வதைக்காதீர்கள் என்றும் சொன்னார். எந்தக் காளை என்று கேட்டார். தம்பி சொன்னான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டே "நல்ல பேருள்ள காளையாச்சே" என்றார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவலைக் கன்றுக்கு வீக்கம் இல்லை. நேராக நிற்கிறது, அவ்வளவுதான். நின்றால் அழகு. நடந்தால் தெரிந்துவிடும்.

ஜூலை 10

கருங்காதின் கன்றை வெட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். வண்டியின் சாய்வுப் பலகையில் ஏற முடியாமல் நின்றது. இரண்டு பேர் தூக்கிப் போட வேண்டியிருந்தது. தாய் மத்தியானம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது.

தம்பி வீட்டில் இல்லை. அவனுக்கு டூட்டி. அந்த வண்டி அவன் எடைமேடை மேல் ஏறித்தான் போக வேண்டும். அவன்தான் எடை போட்டுச் சீட்டுக் கொடுத்திருக்கிறான். தம்பி மனைவி சொன்னாள். வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டானாம்.

ஆகஸ்ட் 20

ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் மாடு வளர்க்க ஆசைப்படுகிறாராம். ஒரே ஒரு நல்ல கிடேரிக் கன்று வாங்கி அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். செவலைக் கன்றின் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். கண்காட்சியன்று நேரில் வந்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் அங்கேயே முடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

தம்பி மனைவி தனியாக வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் காலை சரி பண்ண முடியுமா?"

முடியும் என்றேன். அவருக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டாள். அவள் தம்பியைச் சொல்கிறாளா டீச்சரைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு கன்று போய்விட்டது. இதுவும் போனால் அவன் மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்று பயப்படுகிறாள். என்னால் கெட்டது, என்னாலேயே சரியாகட்டுமே. டீச்சர் யாரோ எவரோ.

அப்படித்தான் நினைத்தேன். அப்படியே எழுதியும் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 25

கண்காட்சி.

காலையிலேயே மைதானத்துக் கொட்டகையில் கன்றைக் கட்டி வேலையைத் தொடங்கினேன். தம்பி முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஊதினேன், நிமிர்த்தினேன், பசை அடித்தேன், வெட்டினேன். கை எதையும் மறக்கவில்லை. மூட்டுக்குப் பின்னால் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கடைசியில் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, என்ன சொல்ல, அவ்வளவு அழகு. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இந்தக் கேவலத்தையும் எழுதத்தான் வேண்டும்.

தம்பி கயிற்றைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் பின்னால் வந்தான். குனிந்து அந்தக் காலையே பார்த்தான். தொடவில்லை. நிமிரும்போது அவன் முகம் வேறாக இருந்தது.

"துரைக்கும் இப்படித்தானாக்கா?"

மெதுவாகத்தான் கேட்டான். சுற்றிலும் ஆயிரம் சத்தம், எனக்கு அது ஒன்றுதான் கேட்டது.

"ஆமாடா."

"பொறந்தப்பவே தெரியுமா?"

"இல்ல. மார்ச்லதான் ஞாபகம் வந்துது."

மார்ச் என்று அவன் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். மார்ச்சுக்குப் பிறகு கருங்காதின் கன்றுக்காக அவன் எத்தனை மருந்து தடவினான், எத்தனை நாள் வேலைக்குப் போகும் முன் அதைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தினான் என்றெல்லாம் எனக்கு அப்போதுதான் வரிசையாகத் தோன்றியது. மன்னிச்சுக்கடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர் வந்துவிட்டார்.

வெயிலுக்கு ஒரு பெரிய தொப்பி, புத்தம் புதிய ரப்பர் பூட்ஸ். கன்றைப் பார்த்ததும் கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றியைத் தடவினார். அதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறார் என்பதைக்கூடச் சொன்னார். பிறகு தம்பியிடம் திரும்பி, புத்தகத்தில் படித்தேன், கால்தான் முக்கியமாமே என்றார்.

"கால் நல்லா இருக்குல்ல தம்பி? எனக்கு என்ன தெரியும், நீங்க சொன்னா சரி."

தம்பி என்னைப் பார்த்தான். அன்று சீருடையோடு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவன் என்னிடம் சொன்ன வார்த்தை. எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி அவனுக்கும் இருந்திருக்கும்.

தண்ணீர்க் குழாயை எடுத்தான். திறந்தான். கன்று துள்ளியது. முதுகு, இடுப்பு, பிறகு பின்னங்கால்கள். பசை வெள்ளையாகக் கரைந்து ஓடியது. கையாலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். டீச்சரின் புது பூட்ஸ் மேல் எல்லாம் தெறித்தது. காலைப் பொழுது முழுக்க நான் செய்தது ஐந்து நிமிஷத் தண்ணீரில் போய்விட்டது. பிறகு கயிற்றை அவிழ்த்து, கன்றைச் சிமெண்ட் பாதையில் நடத்திக் காட்டினான்.

"பாத்தீங்களா, மூட்டு மடங்கல. இதுக்கு ஒரு தங்கச்சி இருந்துது. அதை வெட்டுக்குக் குடுத்துட்டோம். இதை நான் உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

டீச்சர் கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு நன்றி என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் சீப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கன்று போட்டிக் களத்துக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 26

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 14

மில்காரர் போன் செய்தார். துரையின் கன்றை ஏன் களத்தில் இறக்கவில்லை என்று வருத்தப்பட்டார். சொன்னேன். சிரித்தார்.

"என்னங்க நீங்க, எல்லாரும் பண்றதுதானே? உங்களுக்குத் தெரியும்னுதான் நான் ஒண்ணும் சொல்லல."

சண்டை போட வாய் வந்தது. ஆனால் அவர் என்னை ஏமாற்றவில்லை. என் கண் முன்னால்தான் அந்தக் காளை நனைந்து நின்றது. இனிமேல் துரையை என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வேறு யாராவது செய்து கொடுப்பார்கள்.

தம்பி வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. முன்பெல்லாம் வாரத்தில் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 30

தம்பி மனைவி மருந்துக்கடையில் எதிர்ப்பட்டாள். செவலைக் கன்றை விற்கவில்லையாம், இருக்கிறவரை இருக்கட்டும் என்று வைத்திருக்கிறானாம். வேலைக்குத் தினமும் போகிறான். மாடுகளை விற்றுவிடலாம் என்று இவள் சொல்லிப் பார்த்தாளாம். இன்னும் ஒரே ஒரு ஈற்று என்று கேட்டானாம். அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை அண்ணி, அதனால்தான் சரி என்றேன் என்றாள்.

எந்தக் காளை என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்காமல் வந்தேன்.

அக்டோபர் 6

தம்பி போன் செய்தான். தீவனக்கடைக்காரர் இடுப்பில் பிடிப்பு வந்து படுத்திருக்கிறார், கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டான். வருகிறேன் என்றேன். காளையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

போனபோது குமாஸ்தாவை ஏற்கெனவே குளிப்பாட்டி வைத்திருந்தான், சொட்டச் சொட்ட. நனைந்த காளை இன்னும் சுமாராக இருந்தது. எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டது. தம்பி எடைமேடைச் சீருடையில் இருந்தான், டூட்டிக்கு முன்னால் வந்திருக்கிறான். நான் பையில் சீப்பு கொண்டு வந்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை, பழக்கம். வெளியே எடுக்கவில்லை.

சிமெண்ட் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடத்திக்கொண்டு போனேன். திரும்பி வந்தேன். தம்பி தரையோடு தரையாகக் குந்திப் பின்னங்கால்களைப் பார்த்தான். காளை நன்றாக நடந்தது. மூட்டு அழகாக மடங்கி மடங்கி நிமிர்ந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நல்லா இருக்குடா, இதுவே போதும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இன்னொரு தடவை நட அக்கா."

நடந்தேன். திரும்பி வரும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை" என்றான்.